பூஜை அன்று ஊற்றிய சிவப்பு எண்ணெய்

1. மாம்பாக்கம் ரோட்டில் நின்ற வண்டி

போன் அடித்தபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சைலன்ஸர் கிளாம்ப்பை முடுக்கிக்கொண்டிருந்தேன். சுபத்ரா மேடம் பேசினார்.

"தாமோதரன் சார், வண்டி நின்னுடுச்சு. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா சத்தம் மட்டும் ஏறுது, வண்டி நகரமாட்டேங்குது. மாம்பாக்கத்துக்கு முன்னாடி, நடு ரோட்ல இருக்கேன்."

அவர் குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் ஸ்பானர் கையிலிருந்து நழுவி நெஞ்சின் மேல் விழுந்தது.

டோயிங் வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் ரோட்டில் காலை நேரத்துக் கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக் கார் நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டு நடுவில் நிற்கிறது. பின்னால் லாரிகள். ஒரு டிப்பர் லாரி டிரைவர் இறங்கி வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார்.

"இன்னாமா, ஓட்டத் தெரியாம எதுக்குமா ரோட்டுக்கு வர்ற? எறங்கி ஓரமாத் தள்ளக்கூடாதா?"

மேடத்தால் இறங்கித் தள்ள முடியாது. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவர். தொடை முதல் பாதம் வரை காலிப்பர் கம்பி மாட்டியிருப்பார். நான் போய் அந்த டிரைவரிடம், "அண்ணா, வண்டி ரிப்பேரு. ஓட்டுறவங்க மேல ஏன் பாயுற?" என்று கேட்டேன். "ரிப்பேர்னா ரிப்பேர்னு சொல்றதுதானே" என்று அவர் போய்விட்டார். சொல்வதற்கு எங்கே விட்டார்?

பானட்டைத் திறந்தேன். கருகிய எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் எதையும் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. பூஜை நாளிலிருந்து எது நடக்குமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேனோ, அது நடந்துவிட்டது.

2. சோம்பேறி வண்டி

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். தாம்பரம் சுற்று வட்டாரத்து ஷெட்டுகளில்தான் தொழில் கற்றேன். இப்போது இருப்பது ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு ஷெட். முதலாளி பெயர் மணிவேல். பெயிண்டிங் வேலைக்கு பாபு. மெக்கானிக் வேலைக்கு நான்.

எனக்கு இந்த வட்டாரத்தில் "டென்ஷன்" தாமு என்று பெயர். வீல் நட்டை முடுக்கிவிட்டு, வண்டி கேட்டைத் தாண்டும்போது நிறுத்தி மறுபடியும் முடுக்கிப் பார்ப்பேன். பிரேக் வேலை பார்த்த வண்டி வீட்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று கஸ்டமருக்குப் போன் போட்டுக் கேட்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பயம் இல்லாதவன் பிரேக் வேலை பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆட்டோமேடிக் கியர் வண்டிக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் சோம்பேறி வண்டி. கிளட்ச் மிதிக்கச் சோம்பல்படுகிறவன் வாங்குவது என்று அர்த்தம். இப்படிப் பேர் வைத்தவர்களை மேடத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாதவருக்கு அந்த வண்டிதான் கால். மாடம்பாக்கத்தில் வீடு, கேளம்பாக்கத்தில் ஒரு வங்கியில் வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். காலிப்பர் போட்ட காலோடு நம் பஸ் படியில் ஏறுவது என்றால் என்ன என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். லைசென்ஸ் வாங்கி, வண்டி வாங்கி, யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்துகொண்டிருந்தார்.

இதில் அவர் அண்ணன் பாஸ்கர் சாருக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை. அதே வீட்டில் மாடியில் குடியிருப்பவர். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். "உனக்கு எதுக்கும்மா இந்த ரிஸ்க்?" என்று என் எதிரிலேயே கேட்டிருக்கிறார். மேடம் சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணிப் போய்விடுவார். ஆனால் ஒரு முறை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், இந்த வண்டியில ஒரு சின்ன கீறல் விழுந்தாக்கூட வீட்ல எனக்குச் சாவி கிடைக்காது. பார்த்துப் பண்ணுங்க."

அதனால் அந்த வண்டிக்கு நான் தனியாகப் பயந்தேன்.

அது சிவிடி வண்டி. அதாவது உள்ளே பல்சக்கரம் மாறி மாறி விழுகிற கியர் கிடையாது. இரண்டு புல்லி, நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட். பெல்ட் புல்லியைக் கவ்விப் பிடித்தால்தான் வண்டி நகரும். அந்தப் பிடியை விடாமல், அதே சமயம் தேயாமலும் வைத்திருக்க அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. இந்த வண்டிக்கு அது பச்சை நிறம். சாதாரண ஆட்டோமேடிக் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு ஆயில் வேறு. அதை இதில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடானால் தேயும். தேய்ந்தால் முடிந்தது. அந்த வருஷம் சர்வீஸில் நானே ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போய், கம்பெனி கவுண்டரில் அந்தப் பச்சை எண்ணெயைக் கேட்டு வாங்கி வந்து மாற்றியிருந்தேன்.

3. நிறைத்து அனுப்புகிற வழக்கம்

எங்கள் முதலாளியிடம் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று வழக்கமான கஸ்டமர்கள் எல்லோரும் வண்டியைக் கொண்டுவருவார்கள். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி அனுப்புவோம். இது எல்லா ஷெட்டிலும் உண்டு. மணிவேல் முதலாளி அதோடு விடமாட்டார். அன்றைக்கு எந்த வண்டியும் எந்தக் குறையோடும் வெளியே போகக் கூடாது என்பார். வைப்பர் தண்ணீர், கூலண்ட், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், எல்லாவற்றையும் பார்த்துக் கோடு வரைக்கும் நிறைத்து அனுப்புவார். காசு வாங்கமாட்டார். கடைசிச் சொட்டு அவர் கையால் விழ வேண்டும். புனலுக்கும் குங்குமம் வைத்திருப்பார். கஸ்டமர்களுக்கு இதில் அவ்வளவு சந்தோஷம். நல்ல மனசு என்று புகழ்வார்கள். நல்ல மனசுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஷெட்டில் சிவப்பு ஆயில் ஒரு டிரம் நிற்கும். பவர் ஸ்டீயரிங்குக்கு அதுதான், பழைய ஆட்டோமேடிக் வண்டிக்கும் அதுதான். நிறத்தைப் பார்த்து ஊற்றுகிற பழக்கம் எங்கள் தொழிலில் ஊறிப்போன ஒன்று. சிவப்பு என்றால் கியர், கறுப்பு என்றால் இன்ஜின், முடிந்தது கதை.

மேடம் வண்டி வந்தது. மேடம் இறங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொரி, சுண்டல் கொடுத்தோம். முதலாளி பானட்டைத் திறந்து கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கைத் தேடினார். அந்த வண்டியில் அதன் மூடிக்கு ஒரு கொக்கி உண்டு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால்தான் வரும். அதை எதற்கு வைத்தார்கள்? தெரியாதவன் கையை வைக்காதே என்பதற்குத்தானே! அவர் நெம்பி எடுத்தார். வண்டி சூடாகி ஓடும்போது பார்க்க வேண்டிய அளவை, கழுவி நிறுத்தியதில் குளிர்ந்துபோன வண்டியில் பார்த்தார். குறைவாகத்தான் காட்டும். காட்டியது.

"ஆயில் கம்மியா கீது" என்று சிவப்பு ஆயில் மக்கை எடுத்தார்.

நான் ஓடினேன். "மொதலாளி, அது சிவிடி. அதுல இந்த ஆயில் போவாது. மூடி மேலயே எழுதியிருக்கு, பாருங்க."

"எழுதுறவன் எழுதுவான். கம்பெனிக்காரன் அவன் ஆயில விக்கணுமே! எண்ணெய்ல இன்னாடா சாதி? எல்லாம் ஒண்ணுதான்."

"ஆயில் கம்மியா இல்ல மொதலாளி. சூடு ஏறாம பார்த்தா அப்படித்தான் காட்டும்."

"டேய் தாமு, நல்ல நாளும் அதுவுமா ஏன்டா நொட்டை சொல்லினு கீற? பூஜைல ஊத்துற எண்ணெய் கெடுதல் பண்ணுமா?"

பாபு பக்கத்தில் நின்று, "இன்னா டென்ஷனு, வுட்டா சாமிக்கே டிப்ஸ்டிக் செக் பண்ணுவ போலக்கீதே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் முதலாளியின் கையைப் பிடித்தேன். அவர் உதறினார். இத்தனை கஸ்டமர் முன்னால் கையைப் பிடிக்கிறாயா என்று கண்ணாலேயே கேட்டார். புனலை வைத்தார். ஊற்றினார். கிட்டத்தட்ட ஒரு மக்கு. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை கூப்பிக் கும்பிட்டார்.

என் பங்குச் சுண்டலை நான் பாபுவிடம் கொடுத்துவிட்டேன்.

4. பயந்தாங்கொள்ளியின் பேச்சு

மறுநாள் கடை லீவு. அதற்கடுத்த நாள் காலை முதல் வேலையாக முதலாளியிடம் போய், "அந்த வண்டியை வரச் சொல்லி ஆயில முழுசா வடிச்சு மாத்திடலாம் மொதலாளி. இப்பன்னா ஒண்ணும் ஆகாது" என்று சொன்னேன். "ஒண்ணும் ஆவாது. கலந்துடும். நீ போய் வேலையப் பாரு" என்றார்.

என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே டீக்கடைக்குப் போய் நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், பூஜை அன்னிக்கு ஊத்தினது உங்க வண்டிக்குச் சேராத ஆயில். ஓட்டாதீங்க. நானே வந்து எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

மேடம், "இல்ல சார், இப்பதான் ஓனரே பேசினாரே. எங்க மெக்கானிக் ஒருத்தர் எதுக்கெடுத்தாலும் பயப்படுவாரு, போன் பண்ணாலும் பண்ணுவாரு, நீங்க கவலைப்படாதீங்க, நல்ல ஆயில்தான்னு சொன்னாரே" என்றார்.

முந்திக்கொண்டுவிட்டார்! எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. என் பயத்தை எடுத்து என் வாயையே அடைத்துவிட்டார். பயப்படுகிறவன் சொன்னால் அது வெறும் பயம்தானா? அதற்குள் விஷயம் ஒன்றும் இருக்காதா? நான் மறுபடியும் சொன்னேன். மேடம், "சரி சார், கவனிச்சுக்கறேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஓனர் ஒன்று சொல்கிறார், டென்ஷன் என்று பேர் வாங்கியவன் ஒன்று சொல்கிறான். யாராக இருந்தாலும் ஓனர் பேச்சைத்தான் எடுப்பார்கள்.

சில வாரம் கழித்து மேடமே வண்டியோடு வந்தார். சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி உதறுகிறது, ஒரு ஊளைச் சத்தம் கேட்கிறது என்றார். முதலாளி ஒரு ரவுண்டு கேம்ப் ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம். நீங்க ஆக்ஸிலேட்டர மெதுவா மிதிங்க. லேடீஸ் கொஞ்சம் அவசரமா அழுத்திடுவீங்க."

"நான் எப்பவும் ஓட்டற மாதிரிதான் சார் ஓட்டறேன். வண்டிதான் வேற மாதிரி இருக்கு."

"அப்டித்தான் மேடம் தோணும்."

அன்றைக்கு நான் பார்ட்ஸ் வாங்கப் பெருங்களத்தூர் போயிருந்தேன். இந்தப் பேச்சை பாபு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதோடு விட்டாரா? "ஆயில் குடிச்சிருக்கும்" என்று சொல்லி இன்னொரு அரை மக்கு அதே சிவப்பு ஆயிலை ஊற்றி அனுப்பியிருக்கிறார். எது வண்டியை உதற வைத்ததோ அதையே இன்னும் கொஞ்சம்! கேட்டதும் நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலமும் போன் போட்டேன். "உங்க ஓனர் பார்த்துட்டாரு சார்" என்றார் மேடம். குரலில் ஒரு சலிப்பு. அவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்திருக்கிறார்.

அதன் பிறகுதான் மாம்பாக்கம்.

5. ஒற்றைக் கால்

வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். மேடமும் டோயிங் வண்டியிலேயே ஏறி வந்தார். பின்னாலேயே பாஸ்கர் சார் ஆபீஸிலிருந்து நேராக வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நடு ரோட்டில், லாரிகளுக்கு நடுவில் தங்கை மாட்டிக்கொண்டாள் என்று கேட்டால் யாருக்குத்தான் பதறாது?

"என்ன சார் ஆச்சு வண்டிக்கு?" என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி பானட்டைக்கூடத் திறக்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி நல்ல வண்டி. ஓட்டம்தான் சரியில்ல. மேடத்துக்கு ஒரு கால்தானே? ஒரே கால்ல பிரேக்கு, ஆக்ஸிலேட்டரு ரெண்டையும் பாக்கணும். ரெண்டையும் சேத்து மிதிச்சிருப்பாங்க. அதான் கியர்பாக்ஸ் காலி."

இதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆட்டோமேடிக் வண்டியை உலகத்தில் எல்லோரும் ஒரே காலால்தான் ஓட்டுகிறார்கள்! வலது கால் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும், இடது கால் சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பாடமே. இரண்டு காலும் நன்றாக இருக்கிறவன் ஓட்டினாலும் அப்படித்தான். இது முதலாளிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பழியைப் போட ஒரு இடம் வேண்டும். காலிப்பர் கம்பி கண்ணில் பட்டது, அதில் போட்டுவிட்டார்.

பாஸ்கர் சார் தங்கை பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, அழுகிற மாதிரி இருந்தது குரல். "நான் தலைபாடா அடிச்சிக்கிட்டேனே சுபா. போதும்மா. சாவியைக் கொடு. வண்டியை வித்துடலாம். மாசத்துக்கு ஒரு ஆட்டோ பேசி விடறேன், உன்னை வீட்டு வாசல்ல ஏத்தி ஆபீஸ் வாசல்ல இறக்குவான்."

மேடம் சாவியைக் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். சுற்றி பாபு, இன்னும் இரண்டு கஸ்டமர்கள். எல்லோர் பார்வையும் அவர் காலில். அவர் என்னைப் பார்த்தார்.

"தாமோதரன் சார், நீங்க எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணீங்க. நான்தான் கேட்கல. அன்னிக்குச் சொன்னதை இப்ப எங்க அண்ணா முன்னாடி சொல்லுங்க."

முதலாளி கழுத்தை மெதுவாகத் திருப்பினார். "போன் பண்ணியா? யாரக் கேட்டுப் பண்ண?"

நான் இயல்பிலேயே பயந்தவன். வேலை போனால் இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்று ஒரு பக்கம் மனசு ஓடுகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயமும் கோபமும் ஒன்றாக வரும்போது எது முந்தும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பேசினால் குழறிவிடும் என்று எண்ணெய் வடிக்கும் டிரேயை இழுத்துவந்து வண்டிக்கு அடியில் வைத்தேன்.

6. டிரேயில் விழுந்தது

"என் ஷெட்ல என்னக் கேக்காம பிளக்கு கழட்டுவியா?" என்றார் முதலாளி.

"கழட்டுவேன் மொதலாளி. ஓட்டுனவங்க மேல பழி போட்டீங்க இல்ல? என்ன இருக்குன்னு பாத்துடலாம்."

டிரெயின் பிளக்கைத் திருப்பினேன். பச்சையாக வர வேண்டியது. வந்தது டிகாஷன் மாதிரிக் கறுத்த பழுப்பு. கருகல் நெடி ஷெட் முழுக்க அடித்தது. டிரேயை வெயிலுக்கு இழுத்தேன். எண்ணெய்க்குள் சரிகைப் பொடி தூவிய மாதிரி மினுமினுப்பு. ஸ்டீல் பெல்ட்டும் புல்லியும் தேய்ந்து தேய்ந்து விழுந்த தூள் அது. பாஸ்கர் சார் குனிந்து பார்த்தார்.

"இது என்ன மின்னுது?"

"உங்க தங்கச்சி வண்டியோட பெல்ட்டு சார். வழுக்கி வழுக்கித் தேஞ்சு பொடியாயிருக்கு. சேராத ஆயில் ஊத்தினா இப்படி ஆகும். எப்படி மிதிச்சாலும் ஆகும், நீங்க மிதிச்சாலும் ஆகும்."

முதலாளி விடவில்லை. "பழைய ஆயில்னா கறுக்கத்தான் செய்யும்."

"பழைய ஆயில் இல்ல. இந்த வருஷம் நான்தான் மாத்தினேன். பச்சை ஆயில்."

"அப்ப வேற எங்கனா குடுத்து ஊத்தியிருப்பாங்க. தெரு முனைக்குத் தெரு முனை ஷெட்டு கீது."

அப்போதுதான் மேடம் எழுந்தார். நாற்காலிப் பிடியை ஊன்றி, காலிப்பரின் பூட்டைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"வேற எங்கயும் கொடுக்கல சார். நீங்கதான் ஊத்தினீங்க. புனலுக்குக் குங்குமம் வச்சு ஊத்தினீங்க. நான் இதே நாற்காலியில உட்கார்ந்து கும்பிட்டேன். அப்புறம் உதறுதுன்னு வந்தேன். மறுபடியும் நீங்கதான் ஊத்தினீங்க."

பாபு ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டான்.

முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை: "பூஜைல ஊத்துனதும்மா அது... நல்லா இருக்கணும்னுதானே ஊத்துனேன்." அதை அவர் நடிப்பாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். நல்ல நாளில், நல்ல மனசோடு, இலவசமாக ஊற்றிய எண்ணெய் ஒரு பெல்ட்டைத் தின்றிருக்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் ஓட்டினவர் மேல் போட்டார். எனக்கு அது புரிகிறது. புரிந்தாலும் கோபம் குறையவில்லை. பெல்ட்டுக்கு நாள் நட்சத்திரம் தெரியுமா?

பிறகு முதலாளியே, "சரி, செலவு என்னோடது. பெல்ட்டு, புல்லி, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். பாஸ்கர் சாரும் தலையாட்டினார். விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

"அது அப்புறம் சார்" என்றார் மேடம். "முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நான் ஓட்டினதுல தப்பா, நீங்க ஊத்தினதுல தப்பா?"

"அதான் செலவ ஏத்துக்கறேன்னு சொல்ட்டேனே மேடம்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல. வண்டி ரெடியாயிடும். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு நீங்க சொன்னது எங்க வீட்ல அப்படியே நிக்கும். அதை எந்தப் பார்ட்ஸ் வாங்கி சார் மாத்துவீங்க?"

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்தார். டிரேயைப் பார்த்துக்கொண்டு, "ஊத்துனதுதான்" என்று முணுமுணுத்தார்.

"எங்க அண்ணாவைப் பார்த்துச் சொல்லுங்க."

பாருங்கள், அவ்வளவு பெரிய செலவை ஒரு வார்த்தையில் ஏற்றுக்கொண்ட மனுஷருக்கு, இந்த ஒரு வாக்கியம் வாயில் வர எவ்வளவு கஷ்டம்! துண்டை மடித்தார், உதறினார், மறுபடியும் மடித்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"சார்..." என்றார் கடைசியில், பாஸ்கர் சாரைப் பார்த்து. "மேடம் ஓட்டுனதுல ஒண்ணும் தப்பு இல்ல. நான் ஊத்துன ஆயிலு. அதான் சார்."

மேடம் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

7. வண்டி திரும்பிப் போன நாள்

கியர்பாக்ஸ் வேலை எங்களால் ஆகாது. அதற்கென்று இருக்கும் ஆளிடம் சிட்டிக்குள் அனுப்பினோம். பார்ட்ஸ் வரத் தாமதமாகிப் பல வாரம் இழுத்தது. அதுவரைக்கும் மேடம் ஷேர் ஆட்டோவில் போய் வந்தார். காலிப்பர் கால் மடங்காது. நீட்டி உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்களாம். யாரோ ஊற்றிய எண்ணெய்க்கு யார் காலை நீட்டி உட்கார்ந்து திட்டு வாங்குவது என்று பாருங்கள்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ரொம்ப நாள் என்னை "சார்" என்று கூப்பிட்டார். "சார், அந்த வண்டிய கொஞ்சம் பாக்குறீங்களா சார்?" பாபுவுக்கு அதில் ஒரே குஷி. நானும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் வேறு ஒரு கார் வந்தபோது, மூடியைத் திறக்கப் போன கையை நிறுத்தி, "சார், இதுல எதுப்பா போவும்?" என்று கேட்டார். "சார்" போகவில்லை. ஆனால் கேட்டாரே, அது போதும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எண்ணெய் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். மணத்தைப் பார்த்தும் ஊற்றாதீர்கள். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது. தெரியவில்லை என்றால் ஊற்றாமல் இருங்கள். குறைவான எண்ணெயோடு ஒரு நாள் ஓடிய வண்டியைச் சரிசெய்துவிடலாம். தப்பான எண்ணெயோடு ஓடினதைச் சரிசெய்வது வேறு கதை. தெரியாமல் ஊற்றிவிட்டால் அன்றைக்கே ஒத்துக்கொண்டு வடித்துவிடுங்கள். வடிப்பதற்கு ஒரு டிரே போதும்.

ஆனால் நான் கற்றது எண்ணெய் பற்றி இல்லை. அது எனக்கு முன்னமே தெரியும். ஓட்டுகிறவர் வந்து, வண்டி வேற மாதிரி இருக்கிறது என்று சொன்னால், அவரை நம்பு. அவர் பெண்ணா, வயசானவரா, கால் சரியில்லாதவரா என்று பார்க்காதே. தினமும் அந்த சீட்டில் உட்கார்கிறவருக்குத் தெரிகிறது, கேம்ப் ரோடு வரை ஒரு ரவுண்டு போய் வருகிறவனுக்குத் தெரியாது. இதை அன்று முதலாளி நம்பியிருந்தால் பெல்ட் பிழைத்திருக்கும்.

வண்டி தயாராகி வந்த அன்று மேடமும் பாஸ்கர் சாரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தேன். தாம்பரம் மேம்பாலத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தேன். வழக்கம் போல மறுபடியும் ஒரு முறை வீல் நட் முடுக்கினேன். முதலாளி சாவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். இத்தனைக்கும் பிறகு, நேராகப் போய் பாஸ்கர் சாரிடம் நீட்டினார்!

எனக்கு அப்படியே ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் பாஸ்கர் சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்கிட்ட ஏன் நீட்டறீங்க? ஓட்டறது அவதானே?"

முதலாளி அசடு வழிய மேடத்திடம் கொடுத்தார். மேடம் ஏறி உட்கார்ந்து, காலிப்பர் காலை ஓரமாகத் தூக்கி வைத்து, கண்ணாடியைச் சரிசெய்தார். பாஸ்கர் சார் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கொஞ்சம் பயமாகத்தான் உட்கார்ந்தார், அது தெரிந்தது.

"சீட் பெல்ட் போடுண்ணா" என்றார் மேடம். அவர் போட்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்.